விடியற்காலை மூன்றரைக்கு இறக்கிவிடும் பஸ்

"வியட்நாம்ல பொம்பளைப் பிள்ளை தனியா சுத்தலாமா?" 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு வியட்ஜெட் நேரடி விமானம் விட்டதிலிருந்து இந்தக் கேள்வி நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. போய்வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது: "தாராளமா போகலாம், ரொம்ப சேஃப்." அதில் பொய் எதுவும் இல்லை. ஹனோய் பழைய நகரத் தெருக்களில் இரவு பத்து மணிக்கும் நடைபாதையில் அடுப்பு வைத்து வியாபாரம் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பஸ்ஸில் இடிப்பது, பின்னாலேயே வருவது, உற்று உற்றுப் பார்ப்பது என்று பள்ளிக்கூட நாளிலிருந்து நமக்குப் பழகிப்போன தொல்லைகள் அங்கே மிகக் குறைவு. இருந்தும் அந்தப் பதில் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'சேஃப்' என்று கேட்டுக்கொண்டு போகிற பெண், ஹனோயில் இறங்கிய கையோடு வடக்கு மலையூரான ஹா ஜியாங்குக்கு இரவு ஒன்பது மணி ஸ்லீப்பர் பஸ்ஸில் டிக்கெட் போடுகிறாள். அந்த பஸ் அவளை எத்தனை மணிக்கு, எங்கே இறக்கும் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நமக்கு ஆம்னி பஸ் கணக்கு ரத்தத்தில் ஊறியது. சென்னையில் ராத்திரி பத்து மணிக்கு ஏறிப் படுத்தால் மதுரையில் விடிந்துதான் இறங்குவோம். மாட்டுத்தாவணியில் டீக்கடை திறந்திருக்கும், டவுன் பஸ் ஓடும், அப்பா ஸ்கூட்டியோடு நிற்பார். வடக்கு வியட்நாமில் இந்தக் கணக்கு செல்லாது. ஹனோயிலிருந்து ஹா ஜியாங் சுமார் 300 கிலோமீட்டர்; இரவில் ஆறிலிருந்து ஏழு மணி நேரம். ஒன்பது மணி வண்டி மூன்றரை, நான்குக்குக் கொண்டுபோய்விடும். இன்னொரு மலையூரான சாபா போகும் கடைசி வண்டிகளும் அப்படித்தான். சுற்றுலாப் பாதையின் முக்கியமான ஊர்கள் பலவும் ஒரு முழு ராத்திரிக்குக் குறைவான தூரத்தில் இருப்பதால், இருட்டில் போய் நிற்பதுதான் அங்கே வழக்கம். அதனால் தனியாகப் போகிற பெண் திட்டம் போட உட்காரும்போது முதலில் எழுதவேண்டியது இறங்கும் நேரம். எந்த ஊர், எத்தனை நாள், எந்த ஹாஸ்டல் எல்லாம் அதற்குப் பிறகு.

மூன்றரை மணி

நடப்பது இப்படி. திடீரென்று உள்விளக்கு எரியும். வண்டி உதவியாளர் காலைத் தட்டி ஊர்ப் பெயரைச் சொல்வார். ஏறும்போது கழற்றிப் பையில் போட்ட செருப்பை எடுத்துக்கொண்டு, இன்னும் தூங்குகிறவர்களைத் தாண்டி இறங்குவதற்குள் உங்கள் பெரிய பை ரோட்டில் வைக்கப்பட்டிருக்கும். வண்டி போய்விடும். எதிரில் இரண்டு மூன்று பைக் ஓட்டிகள் "ஹோட்டல்? மோட்டோ?" என்று வருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்கு நிற்கிறவர்கள். உண்மையிலேயே கொண்டுபோய் விடுவார்கள். சிக்கல் அந்த ஆட்களிடம் இல்லை. அரைத் தூக்கம், போனில் பதினைந்து சதவிகித சார்ஜ், முதுகில் ஒன்று வயிற்றில் ஒன்றாக இரண்டு பைகள், தெரியாத பாஷை. யாரை நம்புவது, எவ்வளவு கொடுப்பது, எந்தப் பக்கம் நடப்பது என்ற மூன்று முடிவுகளையும் மூளை மிகவும் மந்தமாக இருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது. தனியாகப் போனவர்கள் பறிகொடுத்த கதைகளை அடுக்கினால் மிரட்டிப் பிடுங்கியதைவிட இந்த மாதிரி நேரத்தில் தவறவிட்டதுதான் அதிகம் இருக்கும்: படுக்கை இடுக்கில் விட்ட போன், விலை பேசாமல் ஏறிய பைக், தவறாக நீட்டிய நோட்டு.

நோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டுமே பிளாஸ்டிக். பகலில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாயல் வேறு என்பது தெரியும். மங்கலான தெருவிளக்கில் தெரியாது. ஏறக்குறைய 300 டாங் நம் ஒரு ரூபாய் என்று வைத்தால், அறுபத்தைந்து ரூபாய்க்குப் பதில் ஆயிரத்து அறுநூறு ரூபாயை நீட்டிவிடுகிறீர்கள். பூஜ்யங்களை எண்ணிப் பழகுவோம் என்று நினைக்க வேண்டாம். 1,00,000-க்கு மேலுள்ள நோட்டுகளை ஒரு உறையில் போட்டு உள்ளே வைத்துவிட்டு, சின்ன நோட்டுகளை மட்டும் கைக்கெட்டும் பையில் வைத்துக்கொண்டால் தவறு செய்யவே வழியிருக்காது. பஸ் ஏறும் முன்பு வெளிச்சத்தில் செய்துவைக்க வேண்டிய வேலை இது.

இனி அந்த மூன்றரை மணியை என்ன செய்வது? எளிய வழி, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய இரவையும் சேர்த்து ஹாஸ்டல் பதிவு செய்வது. பலர் பகிரும் அறையில் ஒரு டார்ம் படுக்கை 1,50,000 முதல் 2,50,000 டாங் வரை. நம் கணக்கில் ஐந்நூறிலிருந்து எண்ணூறு ரூபாய். ஆனால் பதிவு செய்ததோடு விட்டால் போதாது. இரவு வராவிட்டால் 'வரவில்லை' என்று படுக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அன்று மாலையே வாட்ஸ்அப்பிலோ, அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கும் ஸாலோவிலோ செய்தி அனுப்பி, "நாலு மணிக்கு வருவேன், கதவைத் திறக்க ஆள் உண்டா, எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும்?" என்று கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். '24 மணி நேர ரிசப்ஷன்' என்று போட்டிருக்கும் பல இடங்களில் அதன் அர்த்தம் ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே நிறுத்திய பைக்குகளுக்கு நடுவில் மடக்குக் கட்டிலில் ஒரு பையன் தூங்குகிறான் என்பதுதான். வெளியே நின்று பார்த்தால் பூட்டிய கடை மாதிரி இருக்கும். மணியை அடித்தாலோ போன் போட்டாலோ எழுந்து திறப்பான். இது தெரியாதவர்கள் 'இடம் மூடியிருக்கிறது' என்று நினைத்துத் தெருவில் இறங்கி நடந்துவிடுகிறார்கள்.

ஹா ஜியாங்கில் பைக் சுற்று நடத்தும் ஹாஸ்டல்களே பஸ் டிக்கெட்டும் போட்டுக் கொடுக்கும், வண்டி அவர்கள் வாசலில் நிறுத்தும், விடியும்வரை படுக்க இடமும் தரும். அந்த ஏற்பாட்டுக்கு இருபது முப்பதாயிரம் டாங் கூட ஆனாலும் பேரம் பேச வேண்டாம். சாபா வண்டிகளில் சில, ஊர் போய்ச் சேர்ந்ததும் விளக்கை அணைத்துவிட்டு ஆறு மணிவரை பயணிகளைத் தூங்க விடும். எல்லா வண்டியும் அப்படியில்லை, டிக்கெட் எடுக்கும்போதே கேட்க வேண்டும். இது எதுவும் அமையாவிட்டால் பகல் வண்டி. காலை ஏழு மணிக்குப் புறப்படும், 'லிமோசின்' என்று அவர்கள் பெருமையாகச் சொல்லும் ஒன்பது பதினோரு இருக்கை வேன், மதியம் இரண்டுக்குள் சேர்த்துவிடும். ஒரு பகல் வீணாகிறதே என்பார்கள். ராத்திரி வண்டியில் வந்து மூன்று மணி நேரம் கோழித்தூக்கம் தூங்கி எழுந்தவளுக்கு மறுநாள் பகல் எந்த லட்சணத்தில் இருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதுவும் அந்தப் பகலில் மலைப்பாதையில் பைக் ஏற வேண்டும் என்றால்.

எந்தப் படுக்கை

ஸ்லீப்பர் பஸ்ஸில் இரண்டு வகை. பழையது மூன்று வரிசை, இரண்டு அடுக்கு, நாற்பது பேர் சுமக்கும். புதியது 'கேபின்' வண்டி. ஆள் குறைவு, திரைச்சீலை உண்டு, சார்ஜர் உண்டு, விலை ஒன்றரை மடங்கு. தனியாகப் போகும் பெண் அந்த அரை மடங்கை யோசிக்காமல் கொடுக்கலாம். பழைய வண்டிதான் கிடைத்தது என்றால் கடைசி வரிசை கூடவே கூடாது. அங்கே ஐந்து படுக்கைகள் இடைவெளியே இல்லாமல் ஒட்டி இருக்கும். இரண்டு பக்கமும் தெரியாத ஆண்களுக்கு நடுவில் ராத்திரி முழுக்கக் கிடக்க வேண்டிவரும். கீழ் அடுக்கு ஆடாது, ஏறி இறங்க எளிது என்று பலர் சொல்வார்கள். ஆனால் விடுமுறை நாட்களில் டிக்கெட் இல்லாமல் வழியில் ஏற்றப்படுகிறவர்கள் நடைபாதையில் பாய் விரித்துப் படுப்பார்கள்; அவர்கள் தலை உங்கள் கை மட்டத்தில் இருக்கும். அதனால் மேல் அடுக்கு, ஜன்னல் ஓரம், முன்னாலிருந்து இரண்டாவது மூன்றாவது வரிசை. மலைவளைவில் ஆட்டம் அதிகம்தான், வாந்தி வரும் உடம்பென்றால் ஏறுவதற்கு அரைமணி முன்பே மாத்திரை போட வேண்டும்.

ஏசி எலும்பை நடுங்க வைக்கும். அவர்கள் தரும் போர்வை எப்போது துவைத்ததோ. ஒரு துப்பட்டாவும் சாக்ஸும் போதும். பாஸ்போர்ட், பணம், போன் மூன்றும் உடம்போடு. கால்மாட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்த பை இரவில் உங்கள் கண்ணில் படாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பெரிய ஓய்விடத்தில் நிறுத்துவார்கள். வாசலில் கூடை நிறைய பொதுச் செருப்பு வைத்திருப்பார்கள், அதை மாட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே ஒரே நிறத்தில் எட்டுப் பத்து வண்டிகள் நிற்கும். இறங்கியதும் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களை எண்ணிப் பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது, பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். கழிவறைகளில் தண்ணீர்க் குழாய் அநேகமாக எல்லா இடத்திலும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் ஐரோப்பா போனவர்கள் படும் பாடு நமக்கு இல்லை.

ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டியவை

விசா நடைமுறையை விவரிக்கப் போவதில்லை. அரசு இணையதளத்தில் 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர், 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள்வரை. தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று மட்டும் உண்டு. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி, அல்லது அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும், அல்லது இனிஷியல் விரிந்து நடுவில் நிற்கும். இ-விசாவில் ஒருவிதமாகவும் விமான டிக்கெட்டில் ஒருவிதமாகவும் போட்டால் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரியில் எழுத்து எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையை இரண்டிலும் பின்பற்ற வேண்டும். கட்டிய பணம் திரும்ப வராது. டெட் புத்தாண்டு (ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி நடுவரை எப்போது வேண்டுமானாலும் வரும்) விடுமுறையில் அலுவலகம் மூடியிருக்கும் என்பதால் அந்த மாதங்களில் இன்னும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். டெட் சமயத்தில் தனியாகப் போவதையே நான் தவிர்க்கச் சொல்வேன். ஊர்ப் பொங்கல் கூட்டத்தைப் போல ரயிலும் பஸ்ஸும் நிரம்பி, இறங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கைவிட்டுப் போய்விடும்.

பை 7 கிலோ. வியட்ஜெட்டின் மலிவு டிக்கெட்டில் கைப்பைக்கு அனுமதி அவ்வளவுதான், ஆனால் நான் அந்த எண்ணைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் வேறு. இருட்டில் ஓட முடிகிற, பைக்கின் பின்னால் உட்கார்ந்தால் பின்னுக்கு இழுக்காத எடை அதுதான். 35 லிட்டர் பை, மூன்று செட் துணி, நாள்தோறும் துவைப்பது. ஜீன்ஸ் வேண்டாம், அந்த ஈரப்பதத்தில் இரண்டு நாளானாலும் காயாது. பருத்திச் சுடிதார் பேன்ட்டும்கூட மெதுவாகத்தான் காயும். சரியாகக் காயாத உள்ளாடையைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் தொடையிடுக்கில் படர்தாமரை வரும், இந்தப் பயணங்களில் பெண்களை அதிகம் படுத்துவது அதுதான். சீக்கிரம் காய்கிற மெல்லிய உள்ளாடை ஐந்தும், பூஞ்சைக்கான களிம்பு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் கிராப் என்ற டாக்ஸிச் செயலி, இன்னொன்றாக 2023-ல் வந்த ஸான் எஸ்எம் என்ற மின்சார டாக்ஸிச் செயலி. விமான நிலையத்தில் "கிராப், கிராப்" என்று தானே வந்து கூப்பிடுகிறவர் கிராப் இல்லை. செயலியில் வந்த வண்டி எண்ணும் எதிரில் நிற்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் ஏறுங்கள். நோய் பாய் விமான நிலையத்திலிருந்து ஹனோய் பழைய நகரத்துக்கு 86-ஆம் எண் பஸ் 45,000 டாங். இரவு பதினொன்றை ஒட்டி நின்றுவிடும். இன்னொரு குழப்பம் புதிது. 2025 ஜூலை 1 முதல் அங்கே மாவட்ட நிர்வாகத்தையே எடுத்துவிட்டு மாகாணங்களை 34 ஆகச் சுருக்கிவிட்டார்கள். ஹா ஜியாங் இப்போது துயென் குவாங் மாகாணத்தில், ஹோய் ஆன் என்ற ஊர் டா நாங் நகரத்தில். ஹாஸ்டல் முகவரி பழைய பெயரில் இருக்கும், வரைபடம் புதிய பெயரைக் காட்டும். முகவரியைத் தட்டச்சு செய்வதைவிட ஹாஸ்டலிடம் இருப்பிடக் குறியை அனுப்பச் சொல்லிச் சேமித்துக்கொள்வது நிச்சயம்.

மலைமேல்

ஹா ஜியாங் சுற்று ஏறக்குறைய 350 கிலோமீட்டர். குவான் பா, யென் மின், டோங் வான், மா பி லெங் கணவாய், மேயோ வாக் என்று மூன்று அல்லது நான்கு நாள். 2010-இல் யுனெஸ்கோ புவிப்பூங்காவாகச் சேர்த்த சுண்ணாம்புக்கல் பீடபூமி; ந்யோ குவே ஆறு கீழே பச்சை நூல்போல ஓடும். அந்த அழகைப் பற்றி எழுத ஆளிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, அங்கே தானே வண்டி ஓட்டுவதாக இருக்கும் நம் பெண்களுக்கு. நம் ஆர்டிஓ தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படியானதை. வாடகைக்குக் கொடுப்பவர் "நோ பிராப்ளம்" என்று சாவியைத் தருவார். பிரச்சினை அவருக்கு இல்லைதான். போலீஸ் நிறுத்தினால் 2025 ஜனவரி முதல் கடுமையாக உயர்ந்த அபராதமும் வண்டிப் பறிமுதலும் உங்களுக்கு. விழுந்து கால் உடைந்தால், செல்லாத உரிமத்தோடு ஓட்டியதைக் காரணம் காட்டி பயணக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும். பிணையாகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் கடையில் எதற்கும் வண்டி எடுக்காதீர்கள். கீறலுக்கும் பேரம் பேசும் பலம் அவர்களிடம் போய்விடும்.

ஆகவே 'ஈஸி ரைடர்': உள்ளூர்க்காரர் ஓட்ட, நீங்கள் பின்னால். சாப்பாடு, தங்குமிடம் சேர்த்து மூன்று நாளுக்குப் பொதுவாக 35 லட்சம் முதல் 50 லட்சம் டாங் வரை. தனி ஆளாக ஒரு ஓட்டுநரோடு போவதைவிட எட்டுப் பத்துப் பேர் குழுவில் சேர்வதே சரி. எல்லோர் வண்டியும் கண்ணெதிரே இருக்கும், ஓட்டுநரோடு ஒத்துப்போகவில்லை என்றால் முதல் நாளே மாற்றிக்கொள்ளலாம். பைக்கில் எப்போதும் இடது பக்கமாக ஏறி இடது பக்கமாக இறங்குங்கள். புகைக்குழாய் வலது பக்கம்; முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் ரூபாய் நாணயம் அளவுக்குச் சுட்டு, அந்த ஈரக்காற்றில் புண் ஆற இரண்டு வாரமாகும். தென்கிழக்காசியா சுற்றியவர்களில் பலர் காலில் அந்தத் தழும்பு உண்டு. முழுக்கால் பேன்ட் போட்டிருந்தால் பாதி தப்பும்.

அடுத்தது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். தங்கும் வீடுகளில் நீளப் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்ததும் சோளச் சாராயம் வரும். 'ஹேப்பி வாட்டர்' என்று செல்லப்பெயர். எண்ணிக்கை சொல்லிக் கோப்பையை உயர்த்துவார்கள், மறுத்தால் கோபப்பட மாட்டார்கள், ஆனால் மறுபடி மறுபடி ஊற்றுவார்கள். குடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கும் என் யோசனை, மூடி திறக்காத பீரோடு நிறுத்துவது. பக்கத்து லாவோஸின் வாங் வியெங்கில் 2024 நவம்பரில் மெத்தனால் கலந்த சாராயத்தால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். குடிக்காதவர்கள் கோப்பையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கூடவே உயர்த்தினால் போதும், சபை மரியாதை தீர்ந்தது. உங்கள் ஓட்டுநர் எவ்வளவு ஏற்றுகிறார் என்பதையும் பாருங்கள். வாகனம் ஓட்டுகிறவர் ரத்தத்தில் மது துளியும் இருக்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். காலை எட்டு மணிக்கு வாடை அடித்தால் குழுத் தலைவரிடம் சொல்லி வண்டி மாறுவதில் கூச்சம் எதற்கு?

உடன் இருக்கும் வீட்டுப் பெண்கள் வயது கேட்பார்கள், கல்யாணம் ஆயிற்றா என்பார்கள். வயது தெரிந்தால்தான் உங்களை அக்காவாகவா தங்கையாகவா எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியும், வம்பு இல்லை. ஆண்கள் அதே கேள்வியைத் தனியாக வைத்துக் கேட்டால், "ஆச்சு, நாளைக்கு அவர் வந்து சேர்ந்துக்குவார்" என்ற பொய் எல்லா மொழியிலும் செல்லும்.

தெற்கே இறங்குதல்

ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை 1,726 கிலோமீட்டர் ஒற்றை ரயில்பாதை. தனியாகப் போகும் பெண்ணுக்கு இந்த ரயில் நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் தூரம்தான். ஹனோயிலிருந்து நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஹுவே 688 கிலோமீட்டர், பதின்மூன்று பதினான்கு மணி நேரம். மாலை ஏழு எட்டுக்கு ஏறினால் காலை வெயிலில், கடைகள் திறந்த பிறகு இறங்குகிறீர்கள். நம் ஆம்னி பஸ் கணக்கு இங்கே மறுபடி செல்லுபடியாகிறது. நாலு படுக்கை மெத்தைப் பெட்டி, ஆறு படுக்கைக் கடினப் பெட்டி என்று இரண்டு. நாலு படுக்கைதான் வசதி என்று ஏஜென்ட் தள்ளுவார். கதவைச் சாத்தினால் அது ஒரு அறை, உள்ளே மூன்று பேர் யார் என்பது உங்கள் அதிர்ஷ்டம். ஆறு படுக்கையில் குழந்தை, பாட்டி, சோற்றுத் தூக்கு என்று ஒரு குடும்பமாவது அநேகமாக இருக்கும். நெருக்கடிதான், நடு அடுக்கில் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது, ஆனால் கண்கள் அதிகம். அதையே எடுப்பேன். ஹுவேயிலிருந்து டா நாங் போகும் மூன்று மணி நேரம் மட்டும் பகலில் வைத்துக்கொண்டு இடது ஜன்னலில் உட்காருங்கள், ஹாய் வான் கணவாயில் கடல் அந்தப் பக்கம்.

மழையையும் இறங்கும் நேரத்தோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். வடக்கில் மே முதல் செப்டம்பர் வரை. ஹா ஜியாங் பாதையில் ஜூலை ஆகஸ்டில் மண் சரியும். நடுப்பகுதிக்கு நம் வடகிழக்குப் பருவமழை மாதிரி செப்டம்பர் முதல் டிசம்பர் வரை; அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் தெருக்களில் படகு ஓடும், ரயில் நின்றுபோகும். அந்த மாதங்களில் ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்பு இரண்டு நாளாவது காலியாக விடுங்கள். தெற்கில் மே முதல் நவம்பர் வரை பிற்பகலில் ஒரு அடி அடித்து ஓயும். இரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் நனைய மாட்டீர்கள். இருட்டுவதும் சட்டென்று இருட்டும். ஆறு மணிக்கு வெளிச்சம், ஆறரைக்கு விளக்கு.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. 'சாய்' என்று எழுதிய பலகை இருந்தால் அது சைவக் கடை. அந்தச் சொல்லை நம் உச்சரிப்பில் சொன்னால் புரியாது. போனில் எழுத்தாகக் காட்டுங்கள். சாதாரணக் கடையில் "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் காய்கறியை மீன் சாறு ஊற்றி வதக்கித் தருவார்கள், அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. அமாவாசையை அடுத்த முதல் தேதியும் பௌர்ணமியும் அங்கேயும் பலர் விரதம் இருக்கும் நாட்கள். அன்று தெருவோரக் கடைகளிலும் சைவம் கிடைக்கும். சின்ன ஊர்களில் அடுப்பு எட்டரைக்கே அணைந்துவிடும் என்பதால் மாலை வண்டியில் போகிறவர்கள் கையில் ரொட்டியும் வாழைப்பழமும் வைத்திருப்பது நல்லது.

நாப்கின் எல்லா ஊர்க் கடையிலும் உண்டு, டாம்பான் பெரிய நகரம் தாண்டினால் தேட வேண்டும். மாதவிடாய்க் கப் வைக்கிறவர்கள் கொதிக்க வைக்க ஹாஸ்டல் சமையலறையை நம்பாமல் சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்று கொண்டுபோகலாம். கோயிலுக்குப் போவதற்குப் போடுகிற மாதிரி, தேதி தள்ளிப்போடும் மாத்திரையை இந்தப் பயணத்துக்கும் தானாக வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. நீண்ட நேரம் கால் தொங்கப்போட்டு உட்காரும் பயணத்தில் ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். காய்ச்சல் வந்தால் டெங்கு என்று நினைத்தே நடந்துகொள்ளுங்கள்: பாராசிட்டமால் மட்டும், புரூஃபனோ ஆஸ்பிரினோ தொடக் கூடாது. நாய் கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே பெரிய ஊருக்குத் தடுப்பூசிக்குக் கிளம்ப வேண்டும், சுற்றைப் பாதியில் விட்டாலும் சரி.

ஹோ சி மின் நகரத்தில் மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. அங்கே போன் பறிப்பு பைக்கில் வந்து நடக்கும். நடைபாதை ஓரத்தில் நின்று வரைபடம் பார்க்காமல் ஏதாவது கடைக்குள் ஏறிப் பாருங்கள். பையைக் குறுக்கே மாட்டுவது சரிதான், ஆனால் இழுத்தால் விட்டுவிடுங்கள். வாரோடு சேர்ந்து இழுபட்டு விழுவதால்தான் அடி பலமாகிறது. தெற்கு மலையூரான டா லாட்டிலிருந்து வரும் இரவு பஸ்களும் இந்த ஊரில் நாலு மணிக்கு இறக்கும். ஹா ஜியாங்கைப் போலத் தெரு காலியாக இருக்காது. வெளியூர்ப் பயணிகள் தங்கும் ஃபாம் ங்கூ லாவ் தெருப் பக்கம் குடித்து முடித்தவர்கள் வீடு திரும்புகிற நேரம் அது. பகல் வண்டியே எடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: வியட்நாம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். அங்கே நாலு மணி என்றால் அம்மாவுக்கு இரண்டரை. "பஸ் ஏறிட்டேன்" என்ற செய்தியால் அம்மாவுக்குப் பயனில்லை. வண்டி எண்ணின் போட்டோ, பஸ் கம்பெனி போன் எண், ஹாஸ்டல் போன் எண், இறங்கும் நேரம் நாலும் ஒரே செய்தியில் போக வேண்டும். இறங்கும் நேரத்தோடு இரண்டு மணி நேரம் கூட்டிச் சொல்லுங்கள், வண்டி தாமதமாகும், சார்ஜ் தீரும். அதற்குப் பிறகும் செய்தி வரவில்லையென்றால் முதலில் ஹாஸ்டலைக் கூப்பிடுவது, அடுத்து பஸ் கம்பெனியை, அதற்கடுத்து ஹனோய் இந்தியத் தூதரகத்தையோ ஹோ சி மின் நகரத் துணைத் தூதரகத்தையோ. அந்த எண்களை நீங்கள் கிளம்புமுன்பே அம்மாவின் போனில் ஏற்றிவிடுங்கள். தம்பி போனில் போதும் என்று விடாதீர்கள், அவன் அந்த நேரத்தில் எடுக்க மாட்டான்.